மெஷினுக்கு ஒரு பொட்டு

இராஜகுமாரி கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கினால், கஹவத்தைக் கடைவீதியில் அதை முதலில் அறிவது பரிமளத்தின் வயிறுதான். அப்பாவின் பாத்திரக் கடைக்குள் அலுமினியச் சட்டிகளை அளவு பார்த்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருப்பாள். இரத்தினபுரிப் பக்கமிருந்து வரும் பஸ் வளைவில் ஹாரன் அடிக்கும். உடனே வயிற்றுக்குள் யாரோ அடுப்பு ஊதுகிற மாதிரி எரிச்சல் கிளம்பிவிடும். எட்டிப் பார்த்தால், ஆமாம், அவளேதான். தோளில் பை, கையில் மடக்குக் குடை, காதில் புதுத் தோடு. பழக்கடைக் கபூர் நானா கூட எழுந்து நின்று, "கம்பியூட்டர் மகள் வந்துட்டாங்க!" என்று கடைவீதிக்கே கேட்கிற மாதிரி சொல்வார். அந்த மனுசன் பரிமளத்திடம் சட்டி விலையைத் தவிர வேறெதையும் கேட்டது கிடையாது.

பொறாமை என்று சொன்னால் பரிமளத்துக்குக் கோபம் வரும். "நான் எதுக்கு அவமேல பொறாமப்படணும்? எங்க வீட்டு உப்பத் தின்னு வளந்தவ" என்பாள். அதில் பொய்யில்லை. இராஜகுமாரி சித்தப்பா மகள். சித்தப்பா மயில்வாகனம் மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அங்கிருந்து தினமும் இரத்தினபுரிக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போய்வர முடியாது என்று, மகளைப் பெட்டியோடு கொண்டுவந்து அண்ணன் வீட்டில் விட்டார். அன்றிலிருந்து பரிமளத்தின் பாயில் பாதி, பரிமளத்தின் கண்ணாடியில் பாதி, அம்மா பொரிக்கிற கருவாட்டில் பாதி இராஜகுமாரிக்குப் போனது. அதையெல்லாம் பரிமளம் பெரிய மனதோடுதான் கொடுத்தாள். கொடுக்கிற இடத்தில் இருக்கும்வரை யாருக்கும் மனது பெரிதாகத்தானே இருக்கும்?

டைப்ரைட்டிங் வகுப்பில் பரிமளம்தான் ராணி. மிஸ் விசைகளின் மேல் ஒரு துணியை மூடிப்போட்டு அடிக்கச் சொல்வார். மற்றப் பெண்கள் இருட்டில் நாணயம் தேடுகிற மாதிரி தடவிக்கொண்டிருக்கும்போது பரிமளம் பக்கத்தை முடித்துத் தாளை உருவி எடுத்திருப்பாள். "பரிமளத்துட விரலப் பாருங்க" என்பார் மிஸ். இராஜகுமாரி நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, கோழி அரிசி பொறுக்குகிற மாதிரிக் கொத்திக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவளும் பரிமளமும் ஒரே நாளில் விண்ணப்பம் போட்டார்கள். கொழும்பில் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி. உலகம் முழுக்கக் கம்பியூட்டர் விற்கிறவர்கள். தோட்டக் கணக்கு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் மெஷினில் போட்டுக் கொடுக்கிறார்களாம். அதற்கு டைப் தெரிந்த பெண்கள் வேண்டுமாம். இரண்டு பேருக்கும் வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

பரிமளத்தின் அப்பா சுந்தரலிங்கம் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"எழுபத்தேழு கலவரத்துல நம்ம கடைக் கதவ ஒடச்சாங்களே, மறந்துட்டீங்களா? இந்த ஊருலயே அப்படி. கொழும்புக்கு வயசுப் புள்ளைய அனுப்பிட்டு நான் இங்க சட்டி வித்துக்கிட்டு இருக்கவா? அதெல்லாம் வேணாம்."

சித்தப்பாவோ, "தோட்டத்துல என்ன கெடக்கு? போய்ப் பொழைக்கட்டும்" என்று விட்டார். இராஜகுமாரி போனாள். அந்தக் கொழும்பு பஸ்ஸில் தனக்குரிய சீட் காலியாகவே போனதாகப் பரிமளம் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையில் அதில் ஒரு மீன்காரர் கூடையோடு உட்கார்ந்து போனார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை இராஜகுமாரி வருவாள். மறுநாள் மத்தியானம் திரும்புவாள். சித்தப்பா தோட்டத்திலிருந்து இறங்கிவந்து இங்கேயே மகளைப் பார்த்துவிட்டுப் போவார். தேத்தண்ணி வந்ததும் கம்பெனிக் கதை தொடங்கும். அம்மா வெங்காயம் உரிப்பதை விட்டுவிட்டுக் கேட்பாள். அப்பா கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து உட்காருவார். பரிமளம் மட்டும் கேட்காத மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். ஆனால் ஒரு சொல்லைத் தவறவிட மாட்டாள்.

"உள்ள போறதுக்கு முந்தி செருப்பக் கழட்டணும் பெரியம்மா, கோயிலு மாதிரி. வெளியில வெயில் மண்டையப் பொளக்கும், உள்ள நாங்க சுவெட்டர் போட்டுக்கிட்டு இருப்போம். மெஷினுக்குத்தான் அந்தக் குளிரு, எங்களுக்கு இல்ல. மொகத்துல பவுடர் பூசிட்டுப் போனா, சூப்பர்வைசர் நோனா போய்க் கழுவிட்டு வான்னு அனுப்பிருவாங்க. தூசு ஆகவே ஆகாது."

"அந்தக் கம்பியூட்டர நீ தொட்டுப் பாத்தியா?" என்றார் அப்பா.

"ஐயோ, அது கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா. அங்க ஆம்பளைங்க மட்டுந்தான். நாங்க இந்தப் பக்கம் வரிசையா ஒக்காந்து அட்டையில ஓட்ட போடுவோம். காலையிலருந்து நம்பரு நம்பரு நம்பரு. யாரோட கணக்கு, எதுக்கு, ஒன்னும் தெரியாது. பேசக் கூடாது. கழுத்து விட்டுப் போயிரும்."

கழுத்து விட்டுப்போகிறதாம்! குனிந்து நின்று சட்டி துலக்கினால் மட்டும் கழுத்து பூப்போல இருக்குமா? இராஜகுமாரி கஷ்டத்தைச் சொன்னாலும் பரிமளத்தின் காதில் அது பெருமையாகத்தான் போய் விழுந்தது. பேசக்கூடாத அறை என்றதும் அவளுக்கு ஆசையாக இருந்தது. காலையிலிருந்து இருட்டும்வரை "இது கனமா, அது கனமா, விலையைக் குறைங்க" என்று தமிழிலும் சிங்களத்திலும் கேட்டுக்கேட்டுச் சலித்தவளுக்கு, வாயை மூடிக்கொண்டு விரல் மட்டும் ஓடுகிற ஒரு குளிர்ந்த அறை சொர்க்கமாகத் தெரிந்ததில் ஆச்சரியமென்ன? அந்த அறையில் ஒரு நாற்காலியில் தன்னை உட்காரவைத்துப் பார்ப்பாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளைக்காரத் துரை தன் விரல்களைப் பார்த்து நிற்பதாகக் கூட நினைத்துக்கொள்வாள். பிறகு கண்ணைத் திறந்தால் கையில் தேங்காய் நார் இருக்கும்.

"நீ நெறையத் தப்பு விடுவியே. அங்க ஒன்னுஞ் சொல்ல மாட்டாங்களா?" என்று ஒரு தரம் திரும்பாமலே கேட்டாள்.

"விடுவேன் அக்கா. ஆனா நான் அடிச்ச கார்ட பக்கத்து மெஷின்ல இருக்குற றஸ்மியாங்கிறவ திரும்பவும் ஒருக்கா அடிப்பா. ரெண்டும் ஒத்துப் போகணும். போகலன்னா அவ மெஷின் அப்படியே நின்னுரும், செவப்பு லைட் எரியும். அந்த வாரம் முழுக்க யாருக்கு எத்தன தப்புன்னு நோனா எழுதி ஒட்டுவாங்க. றஸ்மியா நல்லவ. என்னோட தப்புக் கார்ட மேசைக்கு அடியால நீட்டுவா. நான் வேற அடிச்சுக் குடுத்துருவேன். அடுத்த வாரம் அவ அடிப்பா, நான் சரி பாக்கணும். மெஷினும் மாறி ஒக்காருவோம். அவ கார்டுல தப்பே இருக்காது."

அந்த றஸ்மியா வரக்காப்பொலப் பெண்ணாம். ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் எள்ளும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டிய தலகுளி கொண்டுவருவாளாம். அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோனால் வேலை போய்விடும் என்று சட்டம். ஆனாலும் எல்லோர் மேசை லாச்சியிலும் ஒவ்வொன்று போட்டுவிடுவாளாம். நோனா அந்தப் பக்கம் திரும்பும்போது வாயில் போட்டுக்கொள்வார்களாம். இதைச் சொல்லி இராஜகுமாரி சிரித்த சிரிப்பில் பரிமளத்துக்கு இன்னொரு எரிச்சல். போன இடத்தில் வேலை கிடைத்தது போதாதென்று ஒரு கூட்டாளியும் கிடைத்திருக்கிறாள்.

"நீ வந்திருந்தீன்னா நாந்தான் அக்கா கடைசி. ஒன் வேகம் அங்க றஸ்மியாவுக்கு மட்டுந்தான் இருக்கு" என்றாள் இராஜகுமாரி. நல்ல மனதோடுதான் சொன்னாள். பரிமளத்துக்கு அது வெந்த புண்ணில் வேல். இவள் எனக்கு இரக்கப்படுகிறாளாம்!

சரஸ்வதி பூசைக்கு முந்திய சனிக்கிழமை இராஜகுமாரி வந்தபோது கடைவீதி முழுக்க ஆயுத பூசைக்குக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நம் ஆட்களுக்குச் சோறு போடுகிற பொருள் எதுவானாலும் அதற்கு அன்றைக்குப் பொட்டு உண்டு. தராசுக்கு, தையல் மெஷினுக்கு, லொறிக்கு, கத்தரிக்கோலுக்கு. தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் அழுத்துகிற மெஷினுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டு, சிங்களத் துரையே வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் தேங்காய் உடைப்பார். அப்பா கடையின் தராசைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா ராஜி, ஒன் மெஷினுக்கு யாரு பூச வைப்பா?"

"அங்க அதெல்லாம் இல்ல பெரியப்பா. ஒரு தூசு விழக் கூடாது. நோனா கண்டா கொன்னுருவாங்க. நவம்பர்ல வேற எங்கள நிரந்தரமாக்குவாங்க..."

அப்பாவின் முகம் சுருங்கியது. அவர் அத்தோடு விட்டிருப்பார். பரிமளம்தான் விடவில்லை.

"பெரிய கம்பெனிக்குப் போனா சாமி கூட மறந்து போகுமோ? ஒனக்குச் சோறு போடுற மெஷினுக்கு ஒரு பொட்டு வைக்க ஒனக்குக் கை கூசுதா?"

"அப்படியில்ல அக்கா..."

"வெளியில வச்சாத்தானே நோனா பாப்பாங்க? மூடியத் தொறந்து உள்ள வை. சாமிக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

"அது சரி," என்றார் அப்பா, முகம் மலர்ந்து. "பரிமளம் சொல்றது ஞாயந்தான்."

அவ்வளவுதான். பெரியப்பா சொன்னபிறகு இராஜகுமாரிக்கு மறுபேச்சில்லை. பரிமளமே உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள். மாரியம்மன் கோயில் விபூதி, குங்குமம், சந்தனத் தூள். தூசு ஆகவே ஆகாது என்ற சொல் அவள் காதில் இருக்கத்தான் செய்தது. இருந்தும், வேண்டிய அளவு கட்டியபின் இன்னும் ஒரு கைப்பிடி விபூதியை அள்ளிப் போட்டாள். "சந்தனத்தக் கொஞ்சம் தாராளமாக் கொழைச்சு வை, இல்லாட்டி காஞ்சு உதிர்ந்துரும்" என்று புத்தியும் சொல்லிக் கொடுத்தாள். எதற்காகச் செய்கிறோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

அதன்பிறகு வந்த நாட்களில் பரிமளம் படாத பாடு பட்டாள். தபால்காரர் சைக்கிள் கடையைத் தாண்டினால் நெஞ்சு திக்கென்றது. தாண்டிப் போய்விட்டால் சப்பென்றிருந்தது. "கடவுளே, அவளுக்கு ஒன்னும் ஆகக் கூடாது" என்று காலையில் கும்பிட்டாள். மத்தியானம் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, இராஜகுமாரி பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்குவதையும், கபூர் நானா எழுந்து நிற்காமல் இருப்பதையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். திரும்பத் திரும்ப ஓட்டினாள். அதில் ஒரு சுகம் இருந்தது. சொரிகிற சிரங்குக்கு உள்ள சுகம்.

ஒரு வெள்ளிக்கிழமை, வரவேண்டிய நாளில்லாத நாளில், இராஜகுமாரி வந்து இறங்கினாள். தோடு இருந்தது, குடை இருந்தது, முகம் மட்டும் செத்துப் போயிருந்தது. பரிமளத்தின் கையிலிருந்த மூடி நழுவிச் சிமெந்துத் தரையில் கணகணவென்று சுழன்றது. போச்சு! என்று உள்ளே ஒரு குரல் துள்ளியது. ஐயோ, என்று இன்னொரு குரல் அதற்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது.

ஆனால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இராஜகுமாரி சொன்னது வேறு.

"பெரியப்பா, கம்பெனியில ஒரு எடம் காலியா இருக்கு. அக்காவோட பழைய விண்ணப்பம் இன்னும் அங்கதான் கெடக்கு. நோனாகிட்டப் பேசினேன், திங்கக்கெழம கூட்டிட்டு வான்னுட்டாங்க. நான் இருக்குற எடத்துலயே அக்காவும் தங்கலாம். ரெண்டு பேரும் ஒன்னாப் போய் ஒன்னா வருவோம். நீங்க மாட்டேன்னு சொல்லாதீங்க."

அப்பா நெடுநேரம் தாடையைத் தடவினார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "ஒன்னுக்கொன்னு தொணையாத்தானே இருக்கப் போகுதுங்க" என்றாள். கடைசியில் அப்பா பரிமளத்தை ஏறிட்டுப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து இருக்குறதா இருந்தா, சரி. போய்ட்டு வா" என்றார். அவள் கேட்டுக் கேட்டு அலுத்த ஒரு சொல், கேட்காமலே வந்து மடியில் விழுந்தது. பரிமளம் சமையலறைக்குள் போய் அடுப்பில்லாத மூலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

மத்தியானம் துணி துவைக்க, மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்குப் போனபோது இராஜகுமாரியும் பின்னாலேயே வந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் பேசினால் வீட்டுக்குக் கேட்காது.

"யாருடி வேலைய விட்டுட்டுப் போனா?" என்றாள் பரிமளம், பாவாடையைக் கல்லில் அடித்துக்கொண்டே.

"விட்டுட்டுப் போகல. அனுப்பிட்டாங்க. றஸ்மியாவ."

பரிமளத்தின் கை நின்றது.

"நீ சொன்ன மாதிரியே உள்ள வச்சேன் அக்கா. மூடியத் தொறந்து, சந்தனம், குங்குமம், அதுக்கு மேல விபூதி. சனிக்கெழம, ஞாயித்துக்கெழம லீவு. திங்கக்கெழம மெஷின் மாறிட்டோம். என் மெஷின்ல அவ ஒக்காந்தா. உள்ள இருக்குற எண்ணெய் பட்டு, சூடு பட்டு, எல்லாம் எளகிப் பசையாப் போயிருக்கு. கார்டெல்லாம் உள்ள ஒட்டிக் கிழிஞ்சு, மெஷினே நின்னு போச்சு. ஏதோ வங்கிக் கணக்கு, அன்னைக்கே குடுக்க வேண்டியது. பெரிய தொரையே எறங்கி வந்துட்டாரு. மெக்கானிக் தொறந்து பாத்தா, அரக்குக் கலருல பிசுபிசுன்னு... அவ லாச்சியத் தொறந்தாங்க. தலகுளிப் பொட்டலம். அதுதான் உள்ள விழுந்துருக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"அவ ஒன்னும் சொல்லலியா?"

"விரல்ல தொட்டு மோந்து பாத்தா அக்கா. சந்தன வாசம் யாருக்குத்தான் தெரியாது? என் நெத்தியப் பாத்தா. பொறகு நோனாவப் பாத்து, ஸொரி மிஸ்னு மட்டும் சொன்னா. நானும் வாயத் தொறக்கல. பேசக் கூடாதுன்னு சட்டம் இருக்குற எடந்தானே, பேசாமலே நின்னுட்டேன்."

இராஜகுமாரி அழவில்லை. பீலியில் விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிமளத்துக்கு, பாவம், என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. யாரென்றே தெரியாத ஒரு வரக்காப்பொலப் பெண் கையில் பையோடு வீடு திரும்புவதும், அவள் உம்மா வாசலுக்கு ஓடிவருவதும் கண்ணில் தெரிந்தது. அந்த விபூதியை அள்ளிய கை தன்னுடையது என்பதும் தெரிந்தது. கையை நனைந்த பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அக்கா, திங்கக்கெழம போய் உண்மையச் சொல்லிரவா?" என்றாள் இராஜகுமாரி. "சொன்னா அவளத் திரும்ப எடுத்துருவாங்க. என்ன அனுப்பிருவாங்க. அது பரவாயில்ல, நான் வந்துர்றேன். ஆனா நான் இல்லாம ஒன்னத் தனியா அனுப்பப் பெரியப்பா ஒத்துக்க மாட்டாரு, ஒன் எடமும் இல்லாமப் போயிருமே, அதுதான் பாக்குறேன். நீ என்ன சொல்றியோ அதச் செய்றேன். சொல்லு."

இரண்டு வருடமாகப் பரிமளம் கண்ட கனவு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. "சொல்லிரு" என்றால் இராஜகுமாரி பெட்டியோடு வந்து இறங்குவாள். கபூர் நானா எழுந்திருக்க மாட்டார். தேத்தண்ணி வேளையில் கதை இருக்காது. "சொல்லாத" என்றால் அந்தக் குளிர்ந்த அறை. ஒன்றைத் தொட்டால் மற்றது போய்விடும். இதில் நியாயம் எது என்று பார்க்கிற மூன்றாவது வழியும் இருந்தது. அதில் ஒருத்தி தலகுளிப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பரிமளம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. தன் வேகம் அங்கே ஒருத்திக்குத்தான் இருந்தது. அந்த ஒருத்தியும் இப்போது இல்லை.

"சொல்லாத" என்றாள்.

"அக்கா..."

"சொன்னா மட்டும் அவளுக்குப் பட்ட அவமானம் போயிருமா? சும்மா கெட. அவளுக்குக் கெட்டிக்காரத்தனம் இருக்கு, வேற எடம் கெடைக்கும். நமக்குத்தான் கெடைக்காது."

இராஜகுமாரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை அக்கா முகத்தில் எதையும் தேடியிராதவள், இப்போது எதையோ தேடுகிற மாதிரிப் பார்த்தாள்.

"அக்கா, உள்ள வைன்னு நீ சொன்னப்போ, தூசு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியுந்தானே?"

பரிமளம் பாவாடையைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள். இராஜகுமாரி வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். கபூர் நானா ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஜன்னல் வழியாகப் பரிமளத்தின் மடியில் வைத்து, "நம்மட ஊருக்கு ரெண்டாவது கம்பியூட்டர் மகள்!" என்றார். ரெண்டாவது என்ற சொல் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் சிரித்தாள். அப்பா வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பஸ் புறப்படும்வரை கையை ஆட்டியபடியே நின்றார்.

பஸ் பெல்மதுளையைத் தாண்டியபோது பரிமளத்தால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் கண்ணை மூடியிருந்தவளின் கையை அசைத்தாள்.

"ராஜி, அவ நாற்காலி எது? கண்ணாடிச் சுவரப் பாத்த மாதிரி இருக்குறதா?"

"ம்."

"அதுல வேற யாரையும் ஒக்கார விட்றாத."

இராஜகுமாரி கண்ணைத் திறந்தாள். எழுந்து, ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், குழந்தையோடு நின்றிருந்த ஒரு சிங்கள அம்மாவைக் கூப்பிட்டுத் தன் சீட்டைக் காட்டினாள். "மெதன இந்தகன்ன, அக்கே" என்று அவள் சிங்களத்தில் அங்கே உட்காரச் சொன்னது கேட்டது. அந்த அம்மா வந்து உட்கார்ந்து, குழந்தையைப் பரிமளத்தின் பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்துக்கொண்டாள். இரத்தினபுரியிலும் அவிசாவளையிலும் ஆட்கள் இறங்கி எத்தனையோ சீட் காலியானது. இராஜகுமாரி உட்காரவில்லை. டிரைவருக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, கொழும்புவரை நின்றுகொண்டே போனாள்.